மூன்றாம் தலைக்குக் கட்டம் இல்லை

— திரும்ப எண்ணுட்டி ஞானம். நீ எண்ணுனது தப்பா இருக்கும்.

— எத்தன தடவ எண்ணுனாலும் ஏழுதான் அக்கா. படகோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல ஏழு கட்டம். ஒரு ஆளுக்கு மூணு கட்டம். ரெண்டு ஆளு, நடுவுல ஒரு கட்டம் சந்து. அதோட எடம் முடிஞ்சு போச்சு.

— போனது மூணு பேரு.

— தெரியும்.

— தெரிஞ்சா தைக்க வேண்டியதுதானே. ஒன் மாப்பிள்ளையும் எங்க வீட்டு ஆளும் கூடப்பொறந்தவிய. ஒட்டி உக்காந்தா கொறஞ்சா போயிருவாவ? சந்த எடுத்துரு.

— எடுத்தாலும் பத்தாது. அது போவ, தலைக்கெல்லாம் கறுப்பு நூலுதான் இருக்கு. சந்து இல்லன்னா மூணு தலையும் ஒண்ணாச் சேந்து, படகுல ஏதோ பூதம் உக்காந்துருக்க மாதிரி தெரியும்.

— பூதம்னு சொல்லாத இந்த நேரத்துல. என் தாயே, காத்தப் பாரு, தகரத்தப் பிச்சுக்கிட்டுப் போயிரும் போல இருக்கு. இந்தத் தூஃபான் காத்துல அவிய எங்கன கெடக்காவளோ. சரி, ஆளக் கொற. ஆளுக்கு ரெண்டு கட்டம் வையி.

— வச்சுப் பாத்தேன். ரெண்டு ரெண்டா ஆறு, சந்து ரெண்டு, எட்டு ஆவுது. ஒரு கட்டம் இடிக்கி.

— ஒரு கட்டந்தானே, அங்கன இங்கன இழுத்து வுட்டாச் சரியாப் போவும்.

— இது சாக்கு அக்கா. பேப்பர் இல்ல, நெனச்ச எடத்துல கோடு போட. சணல் எங்க ஓட்ட விட்டுருக்கோ அங்கனதான் ஊசி எறங்கும்.

— சிஸ்டர் குடுத்த பேப்பர்ல எல்லாம் இருக்கே. மாதா, மாதா கையில பாலன், பக்கத்துல படகு, படகுல துடுப்பு கூட இருக்கு. கேட்டியா, துடுப்பப் புடிச்ச வெரல் கூட இருக்கு!

— அது பொடிக் கட்டம். அந்தப் பேப்பர்ல மாதா மொகத்துக்கு மட்டும் எத்தன கட்டம் பாத்தீயளா? அம்புட்டையும் சாக்குல தச்சா, மாதா இந்தச் செவர் ஒசரத்துக்கு வருவா. ஃபாதர் குடுத்த பிரேம் இந்தா, இம்புட்டுதான். இதுக்குள்ள அடங்கணும்னா கட்டத்தக் கொறைக்கத்தான் வேணும். நான் என்ன வேணும்னா கொறைக்கேன்?

— நல்ல துணி கேட்டேன். பஜார்க்காரன் அடுத்த ஜஹாஜ்ல வரும்னுட்டான். அந்தக் கப்பல் வாரதுக்குள்ள இங்கன யாரு இருக்கா, யாரு போறாவளோ.

— அக்கா!

— நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. ஊர்ல இருந்தா தட்டான்கிட்டச் சொல்லி வெள்ளியில ஒரு குட்டிப் படகு அடிச்சு மாதா காலடியில வச்சிருப்பேன். வெள்ளிப் படகுல ஆளே இருக்காது. இந்தச் சண்டையே இல்ல. இந்தத் தீவுல எவன் அடிச்சுத் தாரான்? அதான் வாய விட்டு நேந்துட்டேன், படகையும் படகுல போனவியளையும் என் வீட்டுக் கையால தச்சு, இன்னைக்கு செபமாலைக்கு முந்தி மாட்டுதேன்னு.

— படகு மட்டும்னு நேந்திருக்கலாம்.

— பதறுன நெஞ்சு அளந்தா பேசும்? பூசைக்கு வந்துருவோம்னு சொல்லிட்டுப் போனவிய. பூசையும் முடிஞ்சுது, பெஞ்சையும் கழுவி வுட்டாச்சு, படகக் காணல. சரி, மாதாவ ஒரு கட்டம் அந்தப் பக்கமாத் தள்ளு. படகுக்கு எடம் வரும்.

— மாதா முதுகு இப்பவே பிரேம்ல முட்டிக்கிட்டு நிக்கி.

— அப்போ மாதாவ ஒரு கட்டம் ஒடுக்கு.

— மொகத்துக்கே அஞ்சு கட்டந்தான் அக்கா. முக்காடு, கண்ணு, மூக்கு, கண்ணு, முக்காடு. இதுல எத எடுக்கட்டும்?

— மூக்க எடு.

— மூக்க எடுத்தா ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிட்டு ஒத்தக் கண்ணாத் தெரியும்.

— ஐயோ வேண்டாம்ட்டி. கடலப் பாக்கச் சொல்லி நேந்துக்கிட்டு அவ கண்ண நாமளே நோண்டுனா எங்கன போயி நிக்கது.

— அதான் சொல்லுதேன்.

— ஒண்ணு செய்யி. ஆளுக்கு ஒத்தக் கட்டம். மேல தலைக்குக் கறுப்பு, கீழ உடம்புக்கு அவியவிய நெறம். எங்க வீட்டு ஆளுக்கு நீலச் சட்ட, ஒன் மாப்பிள்ளைக்குச் செவப்பு பனியன், நம்ம ஷெட்டுல கெடக்க பழனிசாமிப் பயலுக்கு அவன் பச்சத் துண்டு. மூணு பேரும் உக்காந்துருவாவ.

— அதையும் தச்சிட்டேன் அக்கா. இந்தா பாருங்க.

— அட, நல்லாத்தானே இருக்கு! எறும்பு கணக்கா இருந்தாலும் மூணு பேரும் இருக்காவளே. இத வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுன?

— கிட்ட இருந்து பாக்காதீய. கோயில்ல செவத்துல ஒசரத்துல தொங்கப் போவுது. கதவண்ட போயி நின்னுக்கிட்டுப் பாருங்க.

— என்னத்தப் பாக்க... இரு, வெளக்கத் தூக்கிப் புடி. இன்னும் கொஞ்சம்.

— தெரியுதா?

— மாதா மொகம் தெரியுது. நல்லாத் தெரியுது. பாலன் தெரியுது. படகு... ஏட்டி.

— தெரியுதா அக்கா?

— படகு காலியா வருதுட்டி!

— அதான் நானும் பாத்தேன். தூரத்துல ஒத்தக் கட்டம் நிக்காது. சணலோட சணலாப் போயிரும்.

— பிரி! மொதல்ல அதப் பிரிச்சுப் போடு! காலிப் படகத் தச்சு மாதா முன்ன மாட்டவா? பிரிட்டி, ஜல்தி!

— பிரிக்கேன், பிரிக்கேன். கத்தாதீய. கத்திரிக்கோல எடுங்க.

— இந்தா. ஒரு நூலு மிச்சம் வைக்காத. பிரிச்சாச்சா?

— பிரிச்சாச்சு.

— கேட்டியா ஞானம், இப்போ நான் சொல்லுதத மறுத்துப் பேசாத. ஆளுக்கு மூணு கட்டமாவே தச்சிரு. ரெண்டு ஆளு.

— ரெண்டு ஆளுன்னா...

— அண்ணனும் தம்பியும். லூர்துநாதனும் ஜேசுதாசனும். வீட்டு ஆம்பளைய.

— பழனிசாமி?

— அவன் பாய்க்குப் பின்னால மறஞ்சு நிக்கான்னு வச்சுக்கிடுவோம்.

— மாதாவுக்குத் தெரியுமா அவன் அங்கன நிக்கான்னு?

— மாதாவுக்குத் தெரியாதது உண்டா?

— எல்லாம் தெரியும்னா நாம எதுக்கு அக்கா இதத் தைக்கோம்?

— எதுத்துப் பேசாதன்னு சொன்னேன்லா. அவன் நம்ம வேதமே இல்ல. அவனுக்கு அவன் சாமி முனியப்பன் இருக்காரு, பாத்துக்கிடுவாரு.

— முனியப்பன் சேலத்துல இருக்காரு. கடலையே கண்டுருக்க மாட்டாரு.

— சிரிக்காத.

— நான் சிரிக்கல. தைக்காம வுட்டவன் திரும்பி வரலன்னா?

— வாய மூடு.

— அக்கா, மெட்ராஸ்ல இருந்து வரும்போது கப்பல்ல நான் கொடல வாந்தியெடுத்துக் கெடந்தேன். அவனும் அதே கப்பல்ல, என்னைய விட மோசமாக் கெடந்தான். அந்தக் கெதியிலயும் தவழ்ந்து தவழ்ந்து போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தான். கரைய மிதிச்சதும் என்ன சொன்னான் தெரியுமா? "இனி என்னையக் கொன்னாலும் தண்ணி மேல கால வைக்க மாட்டனுங்க"ன்னான்.

— அதச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு பேரும் அவனக் கேலி பண்ணுவாவ.

— அவன வடக்க திக்லிபூருக்குக் கூட்டிக்கிட்டுப் போவச் சொன்னது நாந்தான். "ஷெட்டுல படுத்துக்கிட்டு மூணு வேளையும் திங்கான், மூட்ட தூக்கவாவது ஆவான்"னு அவியகிட்டச் சொன்னேன். அவன் காதுல விழணும்னே சொன்னேன்.

— நீ சொல்லலன்னாலும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருப்பாவ. கருவாட்டு மூட்ட அம்புட்டு இருந்துது.

— படகு தள்ளும்போது பொம்பளைய ஜெட்டித் தொறையில நிக்கக் கூடாதுன்னு அத்தான் சொல்லிட்டாவ. நாம வாசல்லயே நின்னுட்டோம். அவன் தலையில மூட்டைய வச்சுக்கிட்டுத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே எறக்கத்துல போனான். அந்த மூஞ்சி எனக்கு ஊசி குத்துத போதெல்லாம் வருது.

— எனக்கு மட்டும் வரலையா? நானும் அந்தப் பயலுக்குச் சோறு போட்டவதான். ஆனா எடம் ரெண்டு பேருக்குத்தான் இருக்குன்னா நான் யார எறக்கச் சொல்லுவேன்? எங்க வீட்டு ஆள எறக்குன்னு சொல்லவா? ஒன் மாப்பிள்ளைய எறக்குன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?

— இருக்க மாட்டேன்.

— பெறவு என்ன. தைய்யி. மொதல்ல நீலம்.

— தைக்கேன். நூல நான் வெட்டித் தாரேன், நீங்க ஊசியில கோருங்க.

— குடு, நான் கோத்துத் தாரேன். இந்தா. வலப்பக்கம் எங்க வீட்டு ஆளு, சுக்கான் புடிக்க எடம். எடப்பக்கம் ஒன் மாப்பிள்ள. தச்சுக்கிட்டு இரு. நான் ஒரு எட்டு ஜெட்டி ஆபீஸ் வரைக்கும் போயி ஏதும் கபர் உண்டான்னு கேட்டுட்டு வாரேன்.

— இந்த மழையிலயா?

— இங்கன இருந்தா இந்தக் காத்துச் சத்தம் என்னையத் தின்னுரும். கதவத் தாப்பாப் போட்டுக்கோ.

— பாத்துப் போங்க அக்கா. வெரசா வந்துருங்க.

— வாரேன்ட்டி.

— மாதாவே. அக்கா போயிட்டாவ. இப்போ நீங்களும் நானுந்தான். செவப்பு முடிஞ்சுது, நீலம் முடிஞ்சுது, ரெண்டு பேரும் அம்சமா உக்காந்துருக்காவ. ஆனா நீங்க என்னைய ஏன் அப்படிப் பாக்கிய? ஒரு கண்ணுக்கு ஒத்தக் கட்டம் தச்சதுக்கே இப்படிப் பாக்கிய. முழுசாத் தச்சிருந்தா நான் என்ன ஆவேன்... அவிய என்னைய ஏசுவாவ, மாதாவே. வந்து ஏசட்டும். வந்தாப் போதும். கத்திரிக்கோல எங்கன வச்சேன்? கையில தான் இருக்கு, சவம்.

— ஞானம்! கதவத் தொற! நான்தான்!

— வாரேன், வாரேன்... நனஞ்சுட்டீயளே அக்கா. என்ன சொன்னாவ?

— என்னத்தச் சொன்னாவ. சிவஞானம் சார் தான் இருந்தாரு. வயர்லெஸ் காலையில இருந்தே செத்துக் கெடக்காம். லாஞ்சு ஒண்ணு வடக்க போயிருக்காம், அது வந்தாத்தான் தெரியுமாம். "கவலப்படாதீங்கம்மா"ன்னாரு. சொல்லிட்டு என் மொகத்தப் பாக்காம பேப்பரப் பொரட்டுனாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— உக்காருங்க. தலையத் தொடைங்க.

— தச்சிட்டியா?

— தச்சிட்டேன்.

— குடு பாப்போம்... வேண்டாம். கிட்டப் பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேல்லா. நீயே புடி. நான் கதவண்ட நிக்கேன்.

— வெளக்கு அவ்வளவு வெளிச்சமா இல்ல அக்கா.

— பரவால்ல. தூக்கு.

— தெரியுதா?

— இரு, மழத்தண்ணி கண்ணுல. தொடச்சுக்கிட்டுப் பாக்கேன்.

— அக்கா?

— தெரியுது. ரெண்டு ஆளும் நல்லாத் தெரியுதாவ.

— படகு காலியா இல்லையே?

— இல்ல. நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும். பிரேம்ல போட்டுரு.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்...

— இப்போ ஒண்ணும் சொல்லாத. ஆணியக் குடு. செபமாலைக்கு நேரமாவுது.

— அக்கா, யாரோ கதவத் தட்டுதாவ.

— காத்து.

— காத்து இல்ல. திரும்பத் தட்டுது, கேளுங்க.

— தொறக்காத.

— ஏன்?

— நல்ல சேதி கொண்டு வாரவன் வெளியவே நின்னு கத்துவான். இவன் பையத் தட்டுதான். தொறக்காதட்டி. கொஞ்ச நேரம் தொறக்காம இருப்போம்.

— அக்கா... கதவத் தொறங்க அக்கா. நாந்தானுங்க.

— யாரு குரலு அது?

— பழனிசாமிங்க.

— பழனிசாமியா! என் தாயே! வந்துட்டாவளா? தொற, தொற ஞானம்! ஏலே, வந்துட்டீயளா? எங்க அவிய? பின்னால வாராவளா?

— அக்கா, நான் வந்து...

— எறக்கத்துல ஆரையும் காணலையே. ஏலே, நீ மட்டுமா வந்த?

— நான் மட்டுந்தானுங்க. அக்கா, சொல்றதக் கேளுங்க...

— நீ மட்டும்னா என்னலே? படகு எங்க? எங்க வீட்டு ஆளு எங்க? அவிய தம்பி எங்க?

— ஞானம் அக்கா, ஏனுங்க அப்புடிச் சாயறீங்க? அக்கா, புடிங்க அவங்கள!

— நாந்தான் அக்கா. நாந்தான் எறக்கி வுட்டேன்.

— சும்மா இரு ஞானம்.

— நீங்க ஜெட்டிக்குப் போனதும் செவப்பப் பிரிச்சிட்டேன். அவியளப் பிரிச்சு எடுத்துட்டு, அந்த எடத்துல பச்சையத் தச்சேன். இவனத் தச்சேன். நாந்தானே இவன அனுப்புனேன், இவன் உசுரு என் தலையில விழுந்துரக் கூடாதுன்னு நெனச்சேன். என் ஆளு கடல்லயே வளந்தவிய, நீந்தியாவது வந்துருவாவ, அவியளத் தைக்காட்டியும் மாதா பாத்துக்கிடுவான்னு... நான் கணக்குப் போட்டேன் அக்கா. மாதாகிட்டயே கணக்குப் போட்டேன். இப்போ பாருங்க, தச்சவன் வந்து வாசல்ல நிக்கான்!

— என்னையத் தச்சீங்களா? எதுல அக்கா?

— நீ சும்மா இருலே. ஞானம், எந்திரி. எந்திரிம்மா. நான் பாத்தேன்.

— என்ன பாத்தீய?

— கதவண்ட நின்னப்பவே பாத்தேன். எடப்பக்கம் செவப்பு இல்ல, பச்சன்னு. கண்ணு மங்கலா இருந்தாலும் அது தெரியாமப் போவுமா? நீ ஒன் புருசன எறக்கிட்டன்னு எனக்குத் தெரிஞ்சுது. வலப்பக்கம் நீலம் இருந்துது. எங்க வீட்டு ஆளு இருந்தாவ. அதப் பாத்துட்டு நான் வாய தொறக்கல ஞானம். நீ சொல்ல வந்தப்பக் கூட ஆணியக் குடுன்னேன்.

— அக்கா...

— நீ கணக்குப் போட்டது ஒரு உசுரக் காப்பாத்த. நான் வாய மூடிக்கிட்டு இருந்தது எதுக்கு? அப்போ கூட நீலமும் வரல பாரு. இவன் ஒத்தையா வந்து நிக்கான். மாதா எனக்குத்தான் காட்டியிருக்கா.

— பாருங்க அக்கா, இவன் தலையெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்துருக்கு. எம்புட்டு நேரம் தண்ணியில கெடந்தானோ.

— உப்பு இல்லீங்க, அது சுண்ணாம்...

— பேசாதலே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. படகு என்ன ஆச்சு? கவுந்துருச்சா?

— கவுழலீங்க. லாஞ்சு கட்டி இழுத்துக்கிட்டு வருதாமுங்க. வயர்லெஸ் இப்பத்தான் பேசுச்சாம். சிவஞானம் சார் என்னைய எறக்கத்துல பாத்துப் பேயடிச்ச மாதிரி நின்னுட்டாரு. அப்பறம் "ஓடு, வீட்டுல போயி நீயே சொல்லு"ன்னு தொரத்துனாருங்க. அதான் இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க முன்னால வந்து நிக்கறேன்.

— என்ன சேதி சொன்னாவ வயர்லெஸ்ல? ஆளுவ?

— ரெண்டு பேருங்க.

— ரெண்டு பேரா?

— ரெண்டு பேரு உசுரோட இருக்காங்கன்னு சேதிங்க.

— ரெண்டு... அக்கா, ரெண்டு தலை. தச்சது மாதிரியே ரெண்டு தலை.

— இரு ஞானம். பதறாத. ரெண்டுல ஒண்ணு இவன். அப்போ இன்னொண்ணு யாரு? ஏலே பழனிசாமி, என்னையப் பாரு. ஒன் கூட வந்த இன்னொரு ஆளு யாரு? அண்ணனா, தம்பியா?

— அக்கா, நான் எப்புடிச் சொல்லுவனுங்க...

— நீலமா செவப்பான்னு மட்டும் சொல்லு பழனிசாமி. ஒன் காலப் புடிக்கேன். நீலமா, செவப்பா?

— ஐயோ, காலையெல்லாம் தொடாதீங்க!

— சொல்லுலே! ஒன்னையும் சேத்து ரெண்டுன்னா, தண்ணியில போனது யாரு?

— என்னையச் சேத்து எண்ணாதீங்க அக்கா. பயந்துக்கிட்டு மூட்டைய எறக்கி வச்சதும் ஓடிப் போயி, குட்வில் எஸ்டேட் பக்கத்துல கட்டட வேலையில சுண்ணாம்பு கொழச்சுக்கிட்டுக் கெடந்தனுங்க. நான் அந்தப் படகுல ஏறவே இல்ல.